இடது சக்கர நட்டில் கை வைக்கும் முன் மரையைப் பாருங்கள்

கேள்வி: தாத்தா வைத்திருந்த 1972 மாடல் மஹிந்திரா ஜீப், லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். வேதாரண்யம் பக்கம் கொட்டகையில் 6 வருடம் நின்றுவிட்டது. பின் இடது சக்கரத்தில் 5 நட்டில் ஒன்றுகூட அசையவில்லை. தள்ளினாலும் வண்டி உருளவில்லை. “ஆக்சில் போச்சு. கேஸ் வைத்து வெட்டிவிட்டு செட்டாக மாற்றிவிடலாம், பழைய ஆக்சில் நானே பிடித்துத் தருகிறேன்” என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். நட்டு துருப்பிடித்ததற்கும் ஆக்சிலுக்கும் சம்பந்தமே இல்லை. “நானே பிடித்துத் தருகிறேன்” என்று யார் சொன்னாலும் அதில் கமிஷன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் நட்டை எந்தப் பக்கம் திருகினார் என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவன ஜீப்பின் வழி வந்த பழைய ஜீப்களில் இடது பக்கச் சக்கரங்களின் ஸ்டட்டுகள் (நட்டு ஏறும் திருகுத் தண்டுகள்) இட மரையாக, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால் இறுகுவதாக இருக்கும். ஓட்டத்தில் நட்டு தானாகக் கழலக் கூடாது என்று அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருகினால் அது கழலாது, இன்னும் இறுகும். வயர் பிரஷ்ஷால் ஸ்டட்டின் முனையைத் தேய்த்துப் பாருங்கள், இட மரை என்றால் பெரும்பாலும் ‘எல்’ எழுத்து குத்தியிருக்கும்.

பழைய கையேடுகளில் “டிரைவர் பக்கம்” என்று போட்டிருப்பதை வைத்துப் பலர் குழம்புகிறார்கள். ஸ்டீயரிங் எங்கே இருந்தாலும் சரி, இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்தால் உங்கள் இடது கைப் பக்கம்தான் கணக்கு. 50 வருடத்தில் யாராவது ஒன்றிரண்டு ஸ்டட்டை மட்டும் வல மரையாக மாற்றியிருக்கலாம். அதனால் ஐந்தையும் தனித்தனியாகப் பாருங்கள். எதையும் மாற்றாத வண்டி என்றால் ஒரு சுலபக் கணக்கு உண்டு. எந்தப் பக்கச் சக்கரமானாலும், நட்டின் மேல்விளிம்பு வண்டியின் பின்பக்கம் நோக்கிப் போனால் கழலும்.

அடுத்தது ஸ்பேனர். இந்த ஜீப்பில் போல்ட் எல்லாம் இஞ்ச் அளவு. வீல் நட்டு முக்கால் இஞ்ச், அதற்கு 19 மி.மீ. சரியாக உட்காரும். மற்றதற்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 9/16 இஞ்ச் என்பது 14.3 மி.மீ.; 14 ஏறாது, 15 போட்டால் முனை மழுங்கும். மழுங்கிய நட்டைக் காட்டித்தான் பல பட்டறைகளில் “வெட்டணும்” என்று ஆரம்பிக்கிறார்கள். பன்னிரண்டு முனை ரிங் வேண்டாம், ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் வாங்குங்கள்.

காலையும் மாலையும், 3 நாள், மரை தெரியும் இடத்தில் துரு இளக்கும் ஆயில் விடுங்கள். டபிள்யூ.டி-40 முக்கியமாக ஈரம் விரட்டத்தான். இப்படி இறுகிய துருவுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் நட்டின் முகத்தில் 1 கிலோ சுத்தியலால் பத்துப் பதினைந்து அடி, ஓங்காமல் ‘டக் டக்’ என்று. அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு ஆயில் உள்ளே இறங்கும். பிறகு சக்கரம் தரையில் இருக்கும்போதே, முதலில் இறுகும் பக்கம் மயிரிழை திருகுங்கள், அப்புறம் கழலும் பக்கம். அசைந்ததும் அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று திரும்ப முறுக்கி, ஆயில் விட்டு, மறுபடி. ஒரே மூச்சில் கழற்றினால் துருத்தூள் மரையை அரைத்துவிடும்.

பைப் மாட்டி ஏறி நிற்கும் வித்தை வேண்டாம். 70 கிலோ ஆள் 1 மீட்டர் பைப்பின் முனையில் நின்றால், அந்த நட்டை முறுக்க வேண்டிய விசையைப் போல ஆறேழு மடங்கு ஸ்டட்டின் மேல் விழும். ஸ்டட் முறிந்தாலும் உலகம் முடிந்துவிடாது. அது ஹப்பில் அழுத்திப் பொருத்தியது, தட்டி எடுத்துப் புதிது போடலாம்.

கேஸ் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. டயரில் காற்று இருக்கும்போது ரிம்மில் சூடு வைத்தால் டயர் வெடித்து ஆளே போகலாம். வால்வு பின்னைக் கழற்றாமல் டார்ச்சைக் கிட்டே கொண்டுவரவே விடாதீர்கள்.

உருளாததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். இந்த மாடலில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர் பாக்ஸிலிருந்து முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டைப் பிடிக்கும் ஒரு டிரம். லிவரை இழுத்தபடி நிறுத்தியிருந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வலது சக்கரத்தைச் சுற்றுங்கள். இடது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால், பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக். இடது அசையாமல் ஷாஃப்ட் சுற்றினால், பிடித்திருப்பது இடது சக்கரத்தின் பிரேக் டிரம். இரண்டும் பிடித்திருந்தால் வலதும் அசையாது. சக்கர டிரம் என்றால், பின்தட்டில் உள்ள அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டுங்கள். விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொன்று: துரு எடுக்கிறேன் என்று சேஸிஸ் நம்பர் குத்திய இடத்தில் கிரைண்டர் ஓட்ட விடாதீர்கள். எண் தேய்ந்தால் ஆர்.டி.ஓ. வாசலில் “குத்தித் தருகிறேன்” என்று ஒருவர் வருவார். அனுமதி இல்லாமல் குத்துவது குற்றம், மாட்டிக்கொள்வது நீங்கள். 15 வருடம் தாண்டிய காரின் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். 2025-ல் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000. கட்டணம் ஏறியது, கவுன்ட்டரில் வரிசை குறையவில்லை. அதற்கு நடுவில் எண் தகராறு வேறு எதற்கு? கையால் பிரஷ், கொஞ்சம் டீசல், அவ்வளவு போதும்.

திரும்ப மாட்டும்போது மரையை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். நட்டு உட்காரும் சரிவில் கிரீஸ் படக் கூடாது. குறுக்காக முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி முறுக்குங்கள், இடது பக்கம் மட்டும் எதிர்த்திசையில்.