கோட்டைக்கு அரை மணி நேரம்

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு காலணி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 34. அக்டோபரில் பதினான்கு நாள் விடுப்பு கிடைக்கிறது. நானும் இரண்டு நண்பர்களும் நேபாளம் போகிறோம். முதல் நாள் ஒரு கார் எடுத்துக் காட்மாண்டு, பாடன், பக்தபூர் மூன்றையும் கவர் பண்ணிவிட்டு, மறுநாள் காலை லுக்லா விமானம், அங்கிருந்து நடந்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப் என்று திட்டம். நாள் போதவில்லை, அதனால் நடுவழியில் நாம்சே ஊரில் தங்கும் ஓய்வு நாளை நீக்கிவிட நினைக்கிறோம். பௌர்ணமி தவறாமல் பர்வதமலை ஏறுகிறவர்கள் நாங்கள், உடம்பு தாங்கும். காட்மாண்டுவில் ஒரு நாள் இருப்பதால் உயரமும் கொஞ்சம் பழகிவிடும் இல்லையா? ஊருக்கு ஒரு நாள் போதும்தானே? நம் வேலூர் கோட்டையையே அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுகிறோம். என்ன ஷூ, என்ன ஜாக்கெட், பாஸ்போர்ட் வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

ச., ஆம்பூர்

அன்புள்ள ச.,

போன வாரம் வெளியூரிலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் வந்திருந்தான். கோட்டைக்குள் போனவன் இருபது நிமிடத்தில் திரும்பி வந்து, "பார்த்துட்டேன் மாமா" என்றான். அவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அன்று சும்மா இருந்துவிட்டேன். அதே நினைப்பில் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அவனிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து உங்களிடம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஷூவைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். புது ஷூவோடு மட்டும் போகாதீர்கள், இங்கேயே இரண்டு மாதம் போட்டு நடந்துவிடுங்கள். ஜாக்கெட் காட்மாண்டுவில் தமேல் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும்.

இப்போது நாம்சே. அந்த ஓய்வு நாளை நீக்கவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. காட்மாண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர். நம் ஏலகிரியைவிட முன்னூறு மீட்டர் கூடுதல், அவ்வளவுதான். ஏலகிரியில் ஒரு ராத்திரி தங்கினால் இமயமலை பழகிவிடுமா? பெருவின் குஸ்கோ 3,400 மீட்டர், லடாக்கின் லே 3,500 மீட்டர். அங்கெல்லாம் ஊரில் சும்மா இருக்கும் நாட்களே உடம்பைப் பழக்குகின்றன. அந்த ஊர்களுக்குச் சொன்ன யோசனையை யாரோ காட்மாண்டுவுக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். லுக்லாவில் விமானம் தரையைத் தொடும் இடமே 2,860 மீட்டர். நாம்சே 3,440. அதாவது ஒன்றரை நாளில், நம் மாநிலத்தில் யாரும் நின்றிராத உயரத்துக்கு ஏறிவிடுகிறீர்கள்.

3,000 மீட்டருக்கு மேலே போனால், ஒவ்வொரு இரவும் தூங்கும் இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் பாதிதான். பர்வதமலையில் கடப்பாறையைப் பிடித்து ஏறிய கால்களுக்கு இதில் வேலை இல்லை. உயரத்தால் வரும் நோய் பலசாலிக்கும் வரும், நோஞ்சானுக்கு வராமலும் போகும். சொல்லப்போனால் பலசாலிக்குத்தான் ஆபத்து அதிகம், அவன்தான் வேகமாக ஏறுவான், தலைவலியை வெளியே சொல்ல மாட்டான்.

நானே ஒருமுறை வெளியே சொல்லவில்லை. 2009-ல் காட்பாடி நண்பர் ஒருவரோடு போனேன். 4,410 மீட்டரில் இருக்கும் டிங்போச்சேயில் மத்தியானத்திலிருந்தே தலை பிளந்தது. கைடு இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்றேன். இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டோம், இன்னும் மூன்று நாள்தானே என்ற எண்ணம். ராத்திரி தால் பாத் தட்டை அப்படியே தள்ளி வைத்ததை எங்கள் போர்ட்டர் பையன் பார்த்துவிட்டான். இருபது வயதுகூட இருக்காது. என்னை எழுப்பி, தரையில் ஒரு பலகையின் விளிம்பைக் காட்டி, குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து அதன் மேல் நடக்கச் சொன்னான். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தேன். அப்படித் தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். விடியக் காத்திருக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் என் தோளைப் பிடித்து 500 மீட்டர் கீழே இறக்கினான். காலையில் தலைவலி போய்விட்டது. இறங்குவதைவிட நல்ல மருந்து இதற்கு இன்றுவரை இல்லை. அவனுக்கு என் மகன் வயது. எனக்கு அவன் செய்ததை என் மகன் செய்திருப்பானா என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

எனவே ச., தலை வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் நண்பர்கள் இருவரிடமும் இதைக் கிளம்பும் முன்பே சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேஸ் கேம்ப் பார்க்காமலே திரும்பினேன். லுக்லாவில் மேகம் இறங்கி இரண்டு நாள் விமானம் இல்லை. அங்கே ஓடுபாதை வெறும் 527 மீட்டர்தான், அதுவும் சரிவாக இருக்கும். கண்ணுக்குப் பாதை தெரியாமல் யாரும் இறங்க மாட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அக்டோபர் கூட்டத்தில் பெரும்பாலான லுக்லா விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. ராமேச்சாப் விமான நிலையம் வரை நான்கைந்து மணி நேரம் காரில் போக வேண்டும், நடுராத்திரியில் கிளம்பினால்தான் காலை விமானம். பகலெல்லாம் மூன்று ஊர், ராத்திரி தூக்கமில்லாமல் கார், விடிந்ததும் மலை. இதுவா உங்கள் திட்டம்?

ஆக, மலையை முதலில் வையுங்கள், ஊரைக் கடைசியில். விமானம் தவறினால் தாங்கிக்கொள்ள நாள் மிச்சம் இருக்கும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. மலையில் எட்டு நாள் நடந்தவனுடைய கால் தானாகவே மெதுவாகிவிடுகிறது. அந்தக் காலோடு நான் பாடனுக்குள் போனேன். அரண்மனைச் சதுக்கத்தில், 1637-ல் கட்டிய கிருஷ்ணர் கோயிலுக்குப் பக்கத்தில், படியிறங்கிப் போகும் பள்ளத்தில் மங்க ஹிதி என்று கல் குழாய்கள் இருக்கின்றன. மகர வாய் வழியே தண்ணீர் விழுகிறது. ஆறாம் நூற்றாண்டில் அமைத்தது. காலையில் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். பாலாற்று ஊர்க்காரனுக்கு அந்த வரிசையை விட்டு எப்படி நகர முடியும்? என் அம்மா முனிசிபாலிட்டி குழாயடியில் விடியற்காலை நான்கு மணிக்கு நின்றவள். அங்கேயே படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். காரில் வந்தவர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த நாட்களில்தான் ஒன்று புரிந்தது. நான் நடந்துவிட்டு வந்த மலையும் இந்த ஊரும் ஒரே வியாபாரத்தின் இரண்டு முனைகள். திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் இறங்கின, தானியம் ஏறியது. காட்மாண்டுப் பள்ளத்தாக்கை ஆண்ட மல்ல அரசர்கள் திபெத்துக்கே நாணயம் அடித்து அனுப்பினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் நேவார் வணிகர்கள் திபெத்தின் லாசாவில் கடை வைத்திருந்தார்கள். பக்தபூரில் நியாதபோலா கோயிலின் ஐந்து அடுக்கை 1702-ல் எழுப்பிய காசிலும் அந்த வியாபாரம் நடந்த மலைக் கணவாய்களின் பங்கு உண்டு. நாம்சேயின் சனிக்கிழமைச் சந்தை நம் பொய்கைச் சந்தை மாதிரிதான். அதைப் பார்த்துவிட்டு வந்து காட்மாண்டுவின் அசன் கடைத்தெருவில் நின்றால் ஊர் வேறுமாதிரி தெரியும்.

சரி, கோட்டைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது அந்த வரிதான்.

அரை மணி நேரத்தில் என்ன பார்த்தீர்கள்? அகழி, மதில், கோயில் வாசல். 1806 ஜூலை 10 விடியும் முன்னே சிப்பாய்கள் எழுந்தது எந்தப் பக்கம் என்று தேடினீர்களா? தலைப்பாகையை மாற்று, நெற்றிக்குறியை அழி, தாடியை எடு என்று உத்தரவு போட்டதற்கு எழுந்தார்கள். திப்புவின் பிள்ளைகள் அப்போது உள்ளேதான் காவலில் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து, கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அதே கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832-ல் சாகும் வரை இங்கேதான் இருந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதிக்கு ஒருமுறையாவது போயிருக்கிறீர்களா? கல்யாண மண்டபத்துத் தூண்களில் ஒரு குதிரை வீரனின் முகத்தையாவது நின்று பார்த்தீர்களா?

என் சின்ன வயதில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமி கிடையாது. சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, அது அப்போது அப்படியே உண்மை. தொல்லியல் துறை காக்கும் வெறும் கட்டடம், உள்ளே வௌவால் நாற்றம். நாங்கள் தூணுக்குத் தூண் ஒளிந்து விளையாடுவோம். என் ஆயா மட்டும் காலியான கருவறைக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "உள்ள யாருமே இல்லையே ஆயா" என்று ஒருநாள் கேட்டேன். "இருந்த எடம்டா" என்றாள். 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தபோது எனக்குப் பதினொரு வயது. ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாள். அதே தூண், அதே தரை, ஆனால் எண்ணெய் வாசனை. நாங்கள் ஒளிந்து விளையாடிய இடத்தில் யாரோ ஒரு அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கல் கட்டடம் ஒன்று கோயிலாக மாறுவதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் பக்தபூரில் கோயில் படியில் நெல் காய்வதைப் பார்த்தபோது கண் கலங்கியது. காஷ்டமண்டபத்தில், காட்மாண்டுவுக்குப் பெயர் கொடுத்த அந்த மரக் கூடத்தில், ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அது தரைமட்டமானது என்று செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஊர்க்காரர்களே முன்னின்று அதை மரத்தால் திரும்ப எழுப்பினார்கள். இதையெல்லாம் ஒரு பகலில் கவர் பண்ண முடியுமா, ச.?

பதினான்கு நாள்தான் என்றால் பேஸ் கேம்பை விட்டுவிடுங்கள். நாம்சேயில் இரண்டு இரவு, அப்புறம் தெங்போச்சே. 3,860 மீட்டர். எவரெஸ்டும் அமா டப்லம் சிகரமும் அங்குள்ள பௌத்த மடத்து வாசலிலிருந்தே தெரியும். அந்த மடமும் 1934 நிலநடுக்கத்தில் விழுந்து, 1989-ல் தீயில் எரிந்து, மறுபடி எழுந்ததுதான். லுக்லாவிலிருந்து போய்வர ஆறு ஏழு நாள். மேகத்துக்கு இரண்டு நாள். மிச்சத்தில் பாடனிலும் பக்தபூரிலும் ராத்திரி தங்குங்கள், காலை ஆறு மணிக்குத் தெருவில் இருங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து ரயில் ஏறி வேலூருக்கு வாருங்கள். காலை ஏழு மணிக்குக் கோட்டை வாசலில் நிற்கிறேன். மாற்றிய நாள் கணக்கையும் கையில் கொண்டுவாருங்கள். நாம்சேயில் இரண்டு இரவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்