வெர்ட்டிகோவுக்கு ‘மயக்கம்’ என்று எழுதலாமா?

உங்கள் அத்தையின் ரிப்போர்ட்டில் உள்ள ‘வெர்ட்டிகோ’வைப் படிவத்தில் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். ‘தலைசுற்றல்’ என்றே எழுதுங்கள், ‘மயக்கம்’ வேண்டாம். இலத்தீனில் ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புதல். அந்த வேரில் பிறந்த சொல் அது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் சொல்லும் ‘வெர்த்திழ்’ என்பதும் அதே குடும்பம்தான்.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் ‘மயக்கம்’ என்ற சொல்லின் அகலம். மயங்குதல் என்றால் பழந்தமிழில் கலத்தலும் உண்டு. தொல்காப்பியத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயலே இருக்கிறது. இன்று அதே சொல் கலக்கம், சோர்வு, நினைவு தப்புதல் எல்லாவற்றையும் சுமக்கிறது. கடலூர் முதுநகரில் என் பெரியம்மா ஒருநாள் கட்டிலிலிருந்து எழுந்ததும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, “மயக்கமாக வருகிறது” என்றார். என்ன தெரிகிறது என்று கேட்டேன். “உத்தரம் சுற்றுகிறது” என்றார். அதுதான் தலைசுற்றல்.

நீங்களும் அப்படியே கேட்டுப் பாருங்கள்: வீடு சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா? இருட்டுகிறது என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட ‘கிறுகிறுப்பு’, ‘கிறுகிறு’ என்னும் இரட்டைக்கிளவியிலிருந்து வந்தது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் சுற்றுவது, இருட்டுவது என இரண்டு நிலைக்கும் வழங்குவதால் படிவத்துக்கு ஆகாது.

பேச்சு குழறினாலோ, கை கால் மரத்துப்போனாலோ சொல்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்; உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.