எந்தப் பந்தியில் சாப்பிட்டவர்?

கேள்வி: என் மகன் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு வீடியோ கேம் கேட்கிறான். 'பத்துக்கு ஒன்பது போட்டிருக்காங்கம்மா' என்று விமர்சனத்தைக் காட்டுகிறான். இந்த விமர்சகர்கள் எல்லாம் கம்பெனியிடம் காசு வாங்குகிறவர்கள்தானே?
- ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: கவரில் காசு கொடுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை, ஆச்சி. 2007-இல் கேம்ஸ்பாட் என்ற வீடியோ கேம் விமர்சன இணையதளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் 'கேன் அண்ட் லிஞ்ச்' விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு போட்டார். அப்போது அந்தத் தளம் முழுக்க அதே விளையாட்டின் விளம்பரம்தான். அவருக்கு வேலை போனது. விளம்பரம் தந்தவர்களின் நெருக்கடிதான் காரணம் என்று 2012-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இப்படி ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் போதும், மற்றவர்கள் சூதானமாகிவிடுவார்கள்.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது காசைப் பற்றி அல்ல, விமர்சகர் கையில் என்ன கொடுத்தார்கள் என்பதைப் பற்றி. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டு வந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும். தாங்கள் விளையாடியதைப் படம் பிடித்துக் காட்டவும் அனுமதி இல்லை. கம்பெனி தந்த காட்சிகளைத்தான் போட வேண்டும். சில குறைகளைச் சொன்னாலும் பலரும் மதிப்பெண்ணை வாரி வழங்கினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம்மூர்க் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரிடம் கேட்டால் சமையல் பிரமாதம் என்பார்; கவுனியரிசி தீர்ந்த பிறகு உட்கார்ந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்! சோனியின் பழைய விளையாட்டு மெஷினான பிஎஸ்4-இல் அதே விளையாட்டு தடுமாறி நின்றது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

'அப்படின்னா யூடியூப்காரங்களை நம்பலாம்' என்று மகன் சொல்வான். 'ஷேடோ ஆஃப் மார்டர்' விளையாட்டைப் புகழ யூடியூப் பிரபலங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதைப் பார்வையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அதை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் மீது 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. சம்பள விமர்சகராவது தேவலை.

ஆகவே அந்த ஒன்பதை விடுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் அதே மெஷினில், விளையாட்டு விற்பனைக்கு வந்த பிறகு விளையாடி எழுதியவரின் விமர்சனத்தைக் காட்டச் சொல்லுங்கள். முழுவதும் படித்தானா என்றும் கேளுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருப்பான் என்பது என் ஊகம். கணினியில் விளையாடத்தான் கேட்கிறான் என்றால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடிப் பார்த்து, பிடிக்காவிட்டால் வாங்கிய 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.