வால்யூமைக் குறைத்தாலும் நிற்காத இரைச்சல்

வணக்கம். எல்.எம்.3886 ஐ.சி. கொண்டு நீங்கள் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் வால்யூமை முழுவதும் குறைத்தாலும் இரைச்சல் கேட்கிறது என்றும், மின்சாரத்தைச் சீராக்கும் 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களை 10,000 ஆக மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஸ்பீக்கரின் கறுப்பு வயரையும் இன்புட் கிரவுண்டையும் (சிக்னலின் பூஜ்ய வோல்ட் வயர்), டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையிலிருந்து கெப்பாசிட்டர்களுக்குச் செல்லும் வயரின் இடையிலேயே பற்றவைத்திருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் டயோடு பிரிட்ஜ் வழியாகக் கெப்பாசிட்டர்கள் நொடிக்கு 100 முறை துடிப்புத் துடிப்பாக மின்னேற்றம் பெறுவதால், அந்த வயரின் மிகச் சிறிய மின்தடையிலும் ஒரு மின்னழுத்தம் உண்டாகி, அது சிக்னலோடு கலந்துவிடுகிறது. கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் துடிப்பு இன்னும் கூர்மையாகுமே தவிரக் குறையாது.

இரண்டு கெப்பாசிட்டர்களும் சேரும் இடத்திலிருந்து ஒரு தடித்த குட்டை வயரைத் தனிப் புள்ளிக்குக் கொண்டுவந்து, ஸ்பீக்கர், போர்டு, இன்புட் ஆகியவற்றின் கிரவுண்டுகளை அங்கே தனித்தனியாக இணையுங்கள். இன்புட்டில் கணினியை இணைத்திருந்து, அதன் கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டால் மட்டும், அது கணினி, ஆம்ப்ளிஃபயர் இரண்டின் எர்த்துகளுக்கு இடையே உருவான வளையம் (கிரவுண்ட் லூப்).

அந்த வளையத்தை உடைக்க ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மூன்றாவது முனையை வெட்டச் சொல்வோர் உண்டு. தயவுசெய்து வெட்டாதீர்கள், இரும்புப் பெட்டிக்கு எர்த் இருந்தே ஆக வேண்டும்.

ஐ.சி.யை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்குவதானால், மேற்பரப்பைச் சுரண்டி வேறு பெயரை அச்சிட்ட போலிகள் கலந்திருக்கக்கூடும் என்பதால், விலை மிகவும் மலிவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.