குழந்தைகளிடம் மருத்துவ ஆய்வு செய்யலாமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சை வளர்ந்த வரலாற்றைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இப்போது எழுதுவது சொந்தக் கவலை ஒன்றினால். என் தங்கையின் மகன் இதயத்தின் ஒரு கீழறை வளராத நிலையில் பிறந்தவன். முதல் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது நான்கு மாதம் ஆகிறது, இரண்டாவது நெருங்குகிறது. அதற்குப் பின் வழக்கமாகக் கொடுக்கப்படும் இரண்டு மருந்துகளில் எது நல்லது என்று அறிய ஓர் ஆய்வு நடப்பதாகவும், அதில் குழந்தையைச் சேர்க்க விருப்பமா என்றும் மருத்துவர்கள் கேட்டிருக்கிறார்கள். எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்ய மாட்டாராம். கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யுமாம். "எது நல்லதென்று இவர்களுக்கே தெரியாதா?" என்று தங்கை அழுகிறாள். "என் பிள்ளை என்ன சோதனை எலியா?" என்கிறார் அவள் கணவர். பேசத் தெரியாத குழந்தையிடம் ஆய்வு செய்வது முறையா? பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் போதாதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் தங்கை ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் அது ஒரு நல்ல தாயின் முடிவாகவே இருக்கும். ஆகவே இந்தப் பதிலை எந்தப் பக்கமும் தள்ளுவதற்காக எழுதவில்லை. ஆனால் "இவர்களுக்கே தெரியாதா?" என்ற கேள்விக்கு நேரான விடை உண்டு: ஆம், தெரியாது. அதை ஒரு மருத்துவர் வாய்விட்டுச் சொன்னார் என்பதற்காக அவர்மீது நம்பிக்கை குறைய வேண்டியதில்லை.

பெரியவர்களிடம் முதலில் சோதிக்கலாமே என்பது நியாயமான எண்ணம்தான். பல மருந்துகளின் பாதுகாப்பு அப்படித்தான் முதலில் அறியப்படுகிறது. ஆனால் பெரியவர்களின் இதய நோய் பெரும்பாலும் நல்லபடி அமைந்த இதயத்தில் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருவது. பிறவி இதய நோயிலோ அமைப்பே வேறு. பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வகையில் இக்குறை இருக்கிறது. ஒரே கீழறையை வைத்துக்கொண்டு உடல் முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் நான்கு மாத இதயத்துக்கு ஒப்பான இதயம் எந்தப் பெரியவரிடமும் இல்லை. மருந்தை உடைத்து வெளியேற்றும் கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வயதில் முதிர்ந்திருப்பதில்லை. குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பெரியவர்களுக்குப் பயன்பட்டு வந்த காலத்தில் பச்சிளங்குழந்தைகளுக்கும் கொடுக்கப்பட்டது. அதை வெளியேற்ற இயலாத குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்ததும், அதற்குக் காரணம் அந்த மருந்தே என்பதும் 1959-ல்தான் தெளிவாயிற்று. பலவீனமான இதயம் கொண்ட பெரியவர்களின் ஆயுளை நீட்டிக்கும் கார்வெடிலால் மருந்தை இதயச் செயலிழப்புள்ள 161 குழந்தைகளிடம் ஆய்ந்தபோது, 2007-ல் வெளியான முடிவு, குறிப்பிடத்தக்க பலன் எதையும் காட்டவில்லை. உங்கள் தங்கையின் மகனைப் போன்ற ஒற்றைக் கீழறைக் குழந்தைகள் 230 பேரிடம் பெரியவர்களின் பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கப்படும் எனலாப்ரில் என்ற மருந்தை, மருந்துச் சத்து எதுவும் இல்லாத போலி மருந்துடன் ஒப்பிட்டார்கள். 2010-ல் வந்த அந்த முடிவிலும் வளர்ச்சியிலோ இதயத்தின் செயல்பாட்டிலோ முன்னேற்றம் இல்லை. பெரியவர்களுக்கு நல்லது செய்கிறது என்ற நம்பிக்கையில் மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்த ஒரு மருந்தைப் பற்றி அதுவரை யாருக்கும் இது தெரியாது.

ஆய்வு நடக்காத இடத்தில் குழந்தைகள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். அங்கும் அவர்கள்மீது சோதனைதான் நடக்கிறது, பதிவேடு இல்லாமல் நடக்கிறது என்பதே என் கருத்து. 1940-களில் குறைப்பிரசவக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுப்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் அக்குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து, உலகெங்கும் ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். காரணத்தைத் தேடி வாஷிங்டன் மருத்துவமனை ஒன்றில் நடந்த முற்கால ஆய்வில், ஆக்சிஜன் குறைவாகப் பெறும் குழந்தைகளைக் கண்டு மனம் பொறாத செவிலியர் சிலர் இரவில் அதைக் கூட்டிவைத்தார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்பு மிகுதியால் செய்தார்கள். அந்த அன்பு போதுமானதாக இல்லை. 1953-ல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து தொடங்கிய ஒப்பீட்டு ஆய்வுதான் மிகுதியான ஆக்சிஜனே காரணம் என்று நிறுவியது.

இதற்கு அடுத்து நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பயந்துபோன மருத்துவ உலகம் ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் குறைத்தது, அதனாலும் குழந்தைகள் இறந்தார்கள். சரியான அளவு எது என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. கருவில் 24 முதல் 27 வாரங்கள் மட்டுமே இருந்து பிறந்த 1,316 குழந்தைகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. ஆக்சிஜன் அளவைத் தாழ்வாக வைத்த குழுவில் கடுமையான விழித்திரை நோய் 8.6 விழுக்காடு, உயர்வாக வைத்த குழுவில் 17.9. ஆனால் தாழ்வாக வைத்த குழுவில் இறப்பு 19.9 விழுக்காடு, மற்றதில் 16.2. அனுபவமிக்க மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் குழந்தைகளைப் பார்த்திருந்தாலும் இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடித்திருக்க முடியாது. இதே ஆய்வுதான் 2013-ல் கடும் விமர்சனத்துக்கும் ஆளாயிற்று. இறப்பிலும் பார்வையிழப்பிலும் வேறுபாடு வரக்கூடும் என்பதைப் பெற்றோரிடம் கொடுத்த ஒப்புதல் படிவங்கள் போதிய தெளிவுடன் சொல்லவில்லை என்று அமெரிக்க அரசின் மேற்பார்வை அலுவலகம் கண்டித்தது. ஆய்வு தேவையானது என்பதும், பெற்றோருக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். உங்கள் தங்கை தம் கையில் உள்ள படிவத்தை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும்.

நல்ல சிகிச்சை என்று எல்லோரும் நம்பியிருந்தது தீங்காக முடிந்ததற்கு என்னை மிகவும் கலங்கவைத்த சான்று கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு. கடுங்காய்ச்சலால் ரத்த ஓட்டம் குன்றிய குழந்தைக்கு விரைவாக நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றுவது உலகெங்கும் பாடநூல் விதியாக இருந்தது. ஏற்றியவுடன் கைகால் சூடாகும், நாடி வலுக்கும். அருகில் நிற்பவருக்குக் குழந்தை தேறுவதாகவே தோன்றும். 3,141 குழந்தைகளைச் சேர்த்த நிலையில், 2011-ல், கண்காணிப்புக் குழு ஆய்வை இடையிலேயே நிறுத்தச் சொன்னது. விரைவாகத் திரவம் பெற்ற இரு குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.6, 10.5 விழுக்காடு, பெறாத குழுவில் 7.3. பெறாத குழு ஒன்று இல்லாதிருந்தால், இறந்த ஒவ்வொரு குழந்தையும் நோயின் கடுமையால் இறந்ததாகவே எழுதப்பட்டிருக்கும்.

குலுக்கல் என்ற சொல் காதில் விழும்போது நம் மனம் சூதாட்டத்தை நினைக்கிறது. மருத்துவரே தேர்ந்தெடுத்தால், சற்றுத் தெம்பாக உள்ள குழந்தைக்கு ஒன்றும் மெலிந்த குழந்தைக்கு வேறொன்றும் என்று அவரை அறியாமலே பிரிந்துவிடும். பிறகு மருந்தின் வேலை எது, குழந்தையின் தெம்பு எது என்று பிரித்தறிய முடியாது. உங்கள் வீட்டுக் குழந்தையின் நோய்க்கே நெருங்கிய எடுத்துக்காட்டு இருக்கிறது. இடது கீழறை வளராத குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் செய்யப்படும் நார்வுட் அறுவைச் சிகிச்சையில், நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் செயற்கைக் குழாயை இரண்டு விதமாகப் பொருத்தலாம். தேர்ந்த அறுவை மருத்துவர்கள் இரு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். வட அமெரிக்காவின் 15 மையங்களில் 549 குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். வலது கீழறையிலிருந்து நேராகக் குழாய் வைத்த குழுவில் ஓராண்டு முடிவில் இதய மாற்று இல்லாமல் உயிருடன் இருந்தவர்கள் ஏறத்தாழ 74 விழுக்காடு, மற்றக் குழுவில் 64. முடிவு வெளியான 2010-ல் வாதம் தீர்ந்தது போலத் தோன்றியது. ஆனால் அதே குழந்தைகளை ஆறு வயது வரை தொடர்ந்து பார்த்தபோது அந்த இடைவெளி உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஓராண்டோடு நிறுத்தியிருந்தால் அரைகுறையாகத் தெரிந்ததை முழு உண்மை என்று நம்பியிருப்பார்கள்.

நற்செய்திகளும் உண்டு. தொண்டை அழற்சிக்குப் பின் வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் இதய நோயின் தொடக்க நிலையில் இருந்த 818 சிறுவர் சிறுமியரிடம் உகாண்டாவில் நடந்த ஆய்வில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பெற்றவர்களில் இரண்டாண்டுகளில் நோய் முற்றியது 0.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஊசி பெறாதவர்களில் 8.2. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் மிகப் பரவலான வகை 1960-களில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதாக இருந்தது. இன்று வசதியுள்ள மையங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பிழைக்கிறார்கள். அது ஒரே மருந்தின் அற்புதம் அன்று. ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வுகளில் சேர்ந்த குழந்தைகளாலும் அவர்களின் பெற்றோராலும் படிப்படியாக வந்தது.

"சோதனை எலியா?" என்ற உங்கள் மைத்துனரின் கோபத்தை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். அதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகத்தில் 1950-களின் நடுவில் தொடங்கி, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலைக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தார்கள். காப்பகத்தில் இடம் கிடைக்காமல் தவித்த பெற்றோர்களிடம் ஆய்வுப் பிரிவின் வழியே இடம் தருவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். தன்னைக் காத்துக்கொள்ள இயலாத குழந்தைக்கு அதன் நன்மைக்கன்றித் தீங்கைக் கொடுப்பது எந்த அறிவின் பெயராலும் ஏற்கத்தக்கதன்று. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் வகுக்கப்பட்ட 1947-ன் நூரெம்பெர்க் நெறிகள் ஆய்வுக்கு உட்படுபவரே தம் விருப்பத்தால் இசைய வேண்டும் என்றன. குழந்தையால் அது இயலாது. ஆகவே பெற்றோரின் ஒப்புதலோடு, விவரம் அறிந்த வயதானால் குழந்தையின் இசைவும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும், குழந்தைக்கு நேரடிப் பலன் இல்லாத எதிலும் ஆபத்து மிகச் சிறிதாகவே இருக்க வேண்டும் என்ற வரம்பும் பின்னர் வந்து சேர்ந்தன.

ஆய்வில் சேர்வதால் உங்கள் குழந்தைக்குக் கூடுதல் நன்மை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியுமானால் ஆய்வுக்கே தேவையில்லை. என் கருத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: இரண்டு மருந்துகளும் அந்த மருத்துவமனை ஆய்வுக்கு வெளியேயும் இத்தகைய குழந்தைகளுக்குக் கொடுப்பவைதாம் என்றால், குலுக்கலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டில் எது விழுந்தாலும் சம்மதமா என்று தாயும் தந்தையும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். ஒன்று விழுந்தால் மனம் ஒப்பாது என்றால் சேராமல் இருப்பதே நேர்மை. ஆய்வுக்காக மட்டும் கூடுதலாக ரத்தம் எடுப்பார்களா, மயக்கமருந்து கொடுத்து ஸ்கேன் செய்வார்களா, இதயத்துக்குள் குழாய் செலுத்துவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஊசிக்குத்து இரண்டு கூடினால் பொறுக்கலாம். ஆய்வுக்காக மட்டும் ஒரு மயக்கமருந்து என்றால் நானாக இருந்தால் மிகவும் தயங்குவேன். மருத்துவர்களைச் சாராத கண்காணிப்புக் குழு இடையிடையே முடிவுகளைப் பார்க்கிறதா, தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, குழந்தையை எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பார்கள், இறுதி முடிவைப் பெற்றோருக்குத் தெரிவிப்பார்களா என்பனவும் கேட்க வேண்டியவை.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க அவகாசம் கேட்கட்டும். இரண்டாவது அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்படுவது. ஓர் இரவுக்குள் கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினால் அதுவே மறுப்பதற்குப் போதிய காரணம். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். மறுத்தாலும் இடையில் விலகினாலும் இதே மருத்துவர்கள் இதே கவனத்தோடு குழந்தையைப் பார்ப்பார்கள் என்பது படிவத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தங்கையும் மைத்துனரும் சேர்ந்து சென்று, பொறுப்பு மருத்துவரின் வாயாலேயே சொல்லக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்புடன்.