பாடியைக் கடைசியாக வாங்குங்கள்: கடலுக்கடியில் படமெடுக்க மிரர்லெஸ் கேமரா, கேள்வி பதில்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் டைவிங் கற்றுக்கொண்டவர்களும் கற்கப் போகிறவர்களும் கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். பாதிக்கு மேல் ‘எந்தக் கேமரா வாங்கலாம்’ என்றே இருந்தன. ஒவ்வொன்றாகப் போவோம்.

அக்கா, கையடக்க மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். சோனியா, ஒலிம்பஸா, கேனனா? (வண்ணாரப்பேட்டை)

தம்பி, தரையில் படமெடுப்பவர் முதலில் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா உடலைப் பார்ப்பார். தண்ணீருக்குள் போகிறவர் முதலில் ஹவுசிங்கை, அதாவது கேமராவை மூடும் நீர் புகாத பெட்டியைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் அதற்கென்று ஹவுசிங் செய்யப்படவில்லை என்றால் நமக்குப் பயனில்லை. ஒரு மாடலின் ஹவுசிங் அடுத்த மாடலுக்குப் பொருந்துவதும் அபூர்வம். பொத்தான் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே வெளியிலிருந்து அழுத்த வராது. விலையும் அப்படித்தான். அலுமினிய ஹவுசிங் என்றால் பல நேரம் பாடியின் விலையைத் தாண்டிவிடும்.

அதனால் உங்கள் வரிசை இது: எந்த மாதிரி படம், அதற்கு எந்த லென்ஸ், அந்த லென்ஸுக்குப் போர்ட் (லென்ஸுக்கு முன்னால் வரும் கண்ணாடிப் பகுதி) கிடைக்கும் ஹவுசிங் எது, கடைசியில் அதற்குள் போகிற பாடி.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். முதல் கேமராவுக்கு, ஒலிம்பஸும் (இப்போது பெயர் ஓஎம் சிஸ்டம்) பானசோனிக்கும் செய்யும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைதான் என் தேர்வு. சென்சார் (படம் பதியும் சில்லு) சிறியது, 17.3 x 13 மி.மீ. அதனால் லென்ஸ், போர்ட், ஹவுசிங் எல்லாமே சிறிதாகின்றன, விமானப் பெட்டியின் எடையும் குறைகிறது. சின்னதை நெருங்கி எடுக்க ஒலிம்பஸின் 60 மி.மீ. மேக்ரோ, மிக அகலமாக எடுக்க பானசோனிக்கின் 8 மி.மீ. ஃபிஷ்ஐ என்று கடலுக்கு ஏற்ற லென்ஸ்களும் உண்டு. இருட்டில் அதைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார் கொஞ்சம் மேல், மறுக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரோப் (நீருக்கடியில் பயன்படும் வெளி ஃபிளாஷ்) வெளிச்சத்தில் எடுக்கும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

சோனி ஏ6400 ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை விற்றுவிட வேண்டுமா? (பெரம்பூர்)

வேண்டவே வேண்டாம். அதற்கு சீஃப்ராக்ஸ் போன்றவர்களின் பாலிகார்பனேட் ஹவுசிங் கிடைக்கிறது, 40 மீட்டர் வரை தாங்கும். ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப டைவிங் சான்றிதழுக்கு வரம்பு 18 மீட்டர், அட்வான்ஸ்டுக்கு 30. உங்களுக்கு அது போதும். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லாத கேமரா என்பதால் வீடியோவில் கை நடுக்கம் தெரியும், அவ்வளவுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நல்லது, உள்ளேயே சின்ன ஃபிளாஷ் இருப்பது. வெளியே மாட்டும் ஸ்ட்ரோபை ஃபைபர் கேபிள் வழியே அதுவே எரிய வைக்கும். பிறகு வந்த ஏ6700இல் ஃபிளாஷ் கிடையாது, தனியாக ட்ரிக்கர் வாங்க வேண்டும். புது மாடல் என்று தாவுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அக்கா, எனக்கு மிரர்லெஸ் தேவையா? ஓஎம் சிஸ்டத்தின் டிஜி-7, அந்த நீர் புகாத சின்னக் கேமரா, போதாதா? (கொருக்குப்பேட்டை)

டைவ் எண்ணிக்கை இன்னும் விரல் விட்டு எண்ணும் நிலையில் இருக்கிறதா? டிஜி-7 போதும். ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர், ஹவுசிங் போட்டால் 45. மைக்ரோஸ்கோப் மோடில் ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கிப் போகலாம். விரல் நகம் அளவு ஓடில்லாத கடல் நத்தையை அது எடுப்பதைப் பார்த்தால் மிரர்லெஸ்காரர்களுக்கே வயிறு எரியும். குறை என்னவென்றால் முழு மேனுவல் மோடு கிடையாது, ஷட்டர் வேகத்தை நீங்களாக வைக்க முடியாது. நீல நீரைப் பின்னணியாக வைத்து அகலமான படங்கள் எடுக்க ஆரம்பிக்கும்போது அது உறுத்தும். அப்போது மாறிக்கொள்ளலாம்.

இன்னொன்று, மிதப்பு கட்டுப்பாடு வராதவர் கையில் எந்தக் கேமராவும் கூடாது. படத்துக்காகப் பவளத்தில் முழங்கால் ஊன்றுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

படமெல்லாம் பச்சையாக வருகிறது. சிவப்பு ஃபில்டர் போட்டும் சரியாகவில்லை. (வியாசர்பாடி)

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். ஐந்து மீட்டருக்குள் பெரும்பாலும் போய்விடும், பிறகு ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். சிவப்பு ஃபில்டர் அந்தமான் மாதிரி நீல நீருக்கானது. நம் சென்னைக் கடல் பச்சை, அதற்கு மெஜந்தா ஃபில்டர் வேண்டும். இரண்டுமே இயற்கை வெளிச்சத்துக்கு மட்டும். ஸ்ட்ரோப் போட்டால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஃபில்டர் இல்லாவிட்டால் வெள்ளை ஸ்லேட்டைக் காட்டி வைட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்வது) வைக்கலாம், ஆழம் மாறும்போதெல்லாம் மறுபடி வைக்க வேண்டும். ரா ஃபைலாக (கேமரா மாற்றாத மூலக் கோப்பாக) எடுத்தால் வீட்டில் வந்து திருத்தவும் இடமிருக்கும்.

ஸ்ட்ரோப் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. (தண்டையார்பேட்டை)

தண்ணீரில் மிதக்கும் துகள் மேல் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. ஸ்ட்ரோபைத் தாங்கும் தண்டை அகலமாக விரித்து, போர்ட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். பொருளின் மேல் வெளிச்சத்தின் ஓரம் பட்டால் போதும். அதைவிட முக்கியம், நெருங்குவது. கலங்கல் நீரில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நாளில் மேக்ரோ எடுங்கள்.

தட்டைப் போர்ட், டோம் போர்ட் எது வாங்க? (ராயபுரம்)

மேக்ரோவுக்குத் தட்டை. நீரின் ஒளிவிலகலால் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், சின்ன உயிர்களுக்கு அது லாபம். அகல லென்ஸுக்கு அதே விஷயம் நஷ்டம், பார்வைக் கோணம் சுருங்கிவிடும். அங்கே டோம், அதாவது குமிழ் போல் வளைந்த போர்ட். ஒரே டைவில் இரண்டும் வேண்டுமென்றால் தட்டைப் போர்ட்டின் முன்னால் திருகும் வெட் லென்ஸ். தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றலாம், சுருக்குக் கயிறு ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குக் காசிமேட்டில் படகு இருக்கிறது. அங்கிருந்தே போய் எடுக்கலாமா? (காசிமேடு)

நம் பக்கம் சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று கப்பல் நடமாட்டம். போதாததற்கு வலைகள், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தின் கலங்கல். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியும், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடும் எண்ணெய் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். வேண்டாம் தம்பி. பயிற்சி பெற்றவர்களோடு தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்திலிருந்து போங்கள். ஆனால் எந்த நாளில் தண்ணீர் தெளியும் என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரம் ஆன பிறகே நான் கேமராவை எடுப்பேன்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் என்றால், அது தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

ஹவுசிங்கில் நீர் புகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? கண்ணாடியில் பனி வேறு படிகிறது. (திருவொற்றியூர்)

ஓ-ரிங்கை (ஹவுசிங் மூடுமிடத்தில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஊசியால் குத்தி எடுக்காதீர்கள். இரண்டு விரலால் இருபுறமும் தள்ளினால் நடுவில் வளைந்து எழும்பும், அங்கே பிடித்துத் தூக்குங்கள். விரல் இடுக்கில் மெல்ல இழுத்துக்கொண்டே போனால் ஒரு மணல் துகள், ஒரு முடி இருந்தாலும் தடவலில் தெரியும். அந்த ஹவுசிங் செய்தவர்கள் சொன்ன கிரீஸை மட்டும், மினுமினுப்பு வருமளவுக்குத் தடவுங்கள். அள்ளிப் பூசினால் மணலை அதுவே பிடித்துவைக்கும். முதல் தடவை கேமரா இல்லாமல் காலி ஹவுசிங்கை டிஷ்யூ காகிதம் போட்டு இறக்கிப் பாருங்கள்.

பனி என்பது மூடும்போது உள்ளே மாட்டிய ஈரக்காற்று. கடற்கரையில் வைத்து மூடாமல், கிளம்புமுன் ஏசி அறையில் மூடுங்கள், சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே இருக்கட்டும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். நம் தெருக்களில் பல போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் கழுவினால் கழுவாத மாதிரிதான். மெட்ரோ தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். ஊறும்போதே எல்லாப் பொத்தானையும் பத்துப் பத்துத் தடவை அழுத்திவிடுங்கள்.

பர்மா பஜாரில் பழைய பாடி பார்த்தேன், விலை குறைவு. வாங்கலாமா? (வண்ணாரப்பேட்டை)

பாடியைப் பழையதாக வாங்கலாம். பில் கேளுங்கள், பேட்டரி அறையைத் திறந்து தொடுபுள்ளியில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள், லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பூஞ்சை தேடுங்கள். ஹவுசிங்கோடு சேர்த்து விற்றால் காலி ஹவுசிங்கை ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முடியாது என்றால் பையைத் தூக்கிக்கொண்டு பீச் ஸ்டேஷனுக்கு நடங்கள்.