ஓ.டி. கணக்கிலிருந்து கட்டும் பிரீமியம்

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழிலைத் தனி உரிமையாளராக நடத்துகிறேன். வயது 42. ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய், தொழில் கடன் 35 லட்சம். மனைவியின் தம்பி ஆயுள் காப்பீட்டு முகவர். வரிச் சேமிப்புக்கென்று ஒவ்வொரு மார்ச்சிலும் அவரிடம் எடுத்த பாலிசிகள் நான்கு ஆகிவிட்டன. மொத்தக் காப்பீடு 18 லட்சம். ஆண்டுப் பிரீமியம் 1,80,000 ரூபாய். அதை 12 சதவீத வட்டியுள்ள ஓ.டி. (வங்கி மிகைப்பற்றுக் கடன்) கணக்கிலிருந்து கட்டுகிறேன். அதைத் தொழில் செலவாக எழுத ஆடிட்டர் மறுக்கிறார். இப்போது, உத்தரவாத வருமானம் தரும் ஐந்தாவது பாலிசிக்கான விண்ணப்பத்தை, கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறியிட்டு மைத்துனர் கொடுத்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆடிட்டர் சொல்வது சரி. உங்கள் குடும்பத்துக்காக உங்கள் உயிர்மீது எடுக்கும் பாலிசி சொந்தச் செலவு. அதைத் தொழில் செலவாக வருமான வரிச் சட்டம் ஏற்பதில்லை. ‘கீமேன்’ பாலிசி என்று ஒன்று இருக்கிறதே என்று மைத்துனர் கேட்கலாம். அது, தனக்கு இன்றியமையாத ஒருவர்மீது நிறுவனம் எடுத்து, தொகையையும் நிறுவனமே பெற்றுக்கொண்டு, அதற்கு வரியும் கட்டும் ஏற்பாடு. நிறுவனமும் நீங்களும் ஒருவரே என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

என்னைக் கவலைகொள்ள வைப்பது ஓ.டி.தான். 1,80,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 21,600. அசலை அடைக்காமல் அடுத்த மார்ச்சிலும் அங்கிருந்தே எடுத்தால், வட்டி 43,000 ரூபாயைத் தாண்டும். இத்தகைய சேமிப்புப் பாலிசிகள் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தை ஒட்டியே ஈட்டுகின்றன. ‘உத்தரவாதம்’ என்ற சொல்லால் இந்தக் கணக்கு மாறாது. சொந்தச் செலவுக்காக எடுத்த பணம் என்பதால், அதன் வட்டியையும் தொழில் செலவாகக் காட்ட இயலாது.

மிச்சமாகும் வரிதான் எவ்வளவு? 2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பான முறை. அதில், காப்பீட்டுப் பிரீமியம் போன்ற சேமிப்புகளை வருமானத்திலிருந்து கழிக்க உதவும் 80சி கழிவு இல்லை. 2025-26 முதல் அம்முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான தொழில் வருமானத்துக்கு, தள்ளுபடி போக, வரி பூஜ்யம். பழைய முறைக்குப் போய் 80சியின் உச்சவரம்பான 1,50,000 ரூபாயை முழுதாகக் கழித்தாலும், மீதி 7,50,000 ரூபாய்க்கு மேல்வரி உட்பட 65,000 ரூபாய் கட்ட வேண்டும். கட்ட வேண்டியதே இல்லாத வரியை மிச்சப்படுத்தக் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்காகக் காப்பீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது போதவில்லை. நாளை உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்பத்துக்கு வருவது 18 லட்சம், கடன்காரர்கள் கேட்கப்போவது 35 லட்சம். ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, இறப்புக்கு மட்டும் தொகை தரும் காப்பீடு) எடுங்கள்; புகைப்பழக்கம் இல்லாத, உடல்நலம் உள்ள உங்கள் வயதுக்காரருக்கு அதன் ஆண்டுப் பிரீமியம் பெரும்பாலும் மேலே சொன்ன 21,600 ரூபாய் வட்டியை ஒட்டியே அமையும். அதையும் ஓ.டி.யிலிருந்து கட்டாமல், உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டுங்கள். அந்தப் பாலிசி கைக்கு வந்த பிறகே பழையவற்றைத் தொடுங்கள்: ‘பெய்ட்-அப்’ (மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல், குறைந்த காப்பீட்டுத் தொகையோடு தொடர்வது) ஆக்கும் தகுதி பெற்றவற்றை அவ்வாறு நிறுத்திவிட்டு, மிச்சமாகும் பிரீமியத்தால் ஓ.டி.யை அடையுங்கள்.

மைத்துனரிடம் மறுப்பது சங்கடம்தான். டேர்ம் பாலிசியை அவரிடமே எடுத்தால் அவருக்கும் கமிஷன் உண்டு, குறைவாக இருக்கும், அவ்வளவே. அதை 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் மனைவி, குழந்தைகள் பெயரில் எழுதச் சொல்லுங்கள். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கில் எடுக்கப்பட்டதாக இல்லாதவரை, அந்தப் பணத்தின்மீது அவர்கள் கைவைக்க முடியாது. இதற்கான இணைப்புப் படிவத்தை விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பாலிசி வந்த பிறகு சேர்க்க வழியில்லை.